சாப்பிட்டதாகச் சொன்னவள்

மொழிப் பரிமாற்றத் திட்டத்தில் ஒருத்தி போனால் ஒருத்தி வர வேண்டும். கட்டில் காலியாகக் கிடக்கக் கூடாது. சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் வந்து படுத்துவிட வேண்டும். இது விதி. ஆகவே முத்துச்செல்வி ஓர்வால் நகரத்துக்குப் புறப்பட்ட காலையில், தென்காசியில் அவளுடைய கட்டிலின் பக்கத்தில் ஹில்கே என்ற பெண் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். முத்துச்செல்வி எழுந்தாள். ஹில்கே படுத்தாள். அம்மா போர்வையை இழுத்து ஹில்கேயின் காலை மூடிவிட்டு, வாசலுக்கு வந்து ஆட்டோவுக்குக் கையசைத்தாள்.

ஓர்வாலில் ஹில்கேயின் கட்டிலும் சூடாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்து தொட்டுப் பார்த்தபோதும் ஆறவில்லை. அந்த ஊர்ப் போர்வை கனமானது என்றார்கள். முத்துச்செல்வி நம்பினாள்.

அவள் கல்லூரியில் நான்காம் ஆண்டு. ஓர்வால் மொழியை இரண்டு வருடமாக மாலை வகுப்பில் படித்தவள். அந்த வகுப்பில் மொத்தம் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் அந்த அறையின் மின்விசிறிக்காக வந்தவர்கள். திட்டத்தின் விண்ணப்பத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘ஆறே மாதத்தில் ஓர்வாலில் பிறந்தவரைப் போலப் பேசுவீர்கள்.’ அதைப் படித்துவிட்டு முத்துச்செல்வி தரையில் கால் பாவாமல் திரிந்தாள். திரியட்டும், வயது அப்படி. கீழே சிறிய எழுத்தில் இருந்த பதினான்கு வரிகளை நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன்.

அம்மா பெயர் வேலம்மாள். பஞ்சாயத்துப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். அப்பா இல்லை. நூற்று நாற்பது பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற குழாயடியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘சாப்ட்டியா?’ என்று கேட்பாள். தட்டைக் கழுவுகிறவனிடம் என்ன கேள்வி என்று தலைமை ஆசிரியர் சலித்துக்கொள்வார். வேலம்மாள் காதில் வாங்க மாட்டாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். சோற்றைக் கொட்டிவிட்டு வந்தவனைக் காதைப் பிடித்துத் திரும்ப அழைத்துப் போய் உட்கார வைப்பாள்.

எல்லாம் முடிந்து இரண்டு மணிக்குத்தான் அவள் தன் தட்டின் முன் உட்காருவாள். உட்கார்ந்து, மகளுக்குப் போன் போடுவாள். ‘சாப்ட்டியா?’ என்பாள். ‘சாப்ட்டேம்மா. நீ சாப்பிடு’ என்று பதில் வந்த பிறகுதான் தட்டில் கை வைப்பாள். முதலாம் ஆண்டில் விடுதியில் காய்ச்சலாகக் கிடந்தபோது முத்துச்செல்வி ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னாள். இன்னும் சாப்பிடவில்லை என்றாள். அன்றைக்கு வேலம்மாளும் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். நல்ல வேளை, கஞ்சி ஏற்கெனவே வடித்தாகிவிட்டது. அதிலிருந்து முத்துச்செல்வி உயிரே போனாலும் ‘சாப்ட்டேம்மா’தான். போனில் முகம் தெரியாது. அந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு மூன்று வருடம் தாய்க்குச் சோறு ஊட்டியவள் அவள்.

ஓர்வாலில் அவளை ஏற்றுக்கொண்ட வீடு ஹில்கேயின் வீடு. அங்கே ஹில்கேயின் அம்மா ரூனா மட்டும் இருந்தாள். நெடிய பெண்மணி. அதிகம் பேச மாட்டாள். முதல் நாள் மதியம் மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் சூப்பை ஊற்றி, ரொட்டியை வெட்டி வைத்து, முத்துச்செல்வியைப் பார்த்தாள்.

முத்துச்செல்விக்குக் குடல் காய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும், “வேண்டாம், சாப்பிட்டுவிட்டேன்” என்று ஓர்வால் மொழியில் பிழையில்லாமல் சொன்னாள்.

நம் ஊரில் இது ஒரு முறை. முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அட, கொஞ்சம்தானே என்று அவர்கள் சொல்ல வேண்டும். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று நாம் வயிற்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். சரி, அரைத் தோசை என்று ஆரம்பித்து நாலு தோசை சாப்பிட வேண்டும். இது யாருக்குத் தெரியாது? ஓர்வாலுக்குத் தெரியவில்லை. ரூனா தலையை ஆட்டினாள். தட்டை எடுத்தாள். சூப்பைப் பானையில் திரும்ப ஊற்றினாள். தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தன் தட்டின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அதையும் எடுத்துக் கழுவினாள். முத்துச்செல்வி இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று பொழுது சாயும் வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. அப்போது தென்காசியில் மணி இரண்டு.

“ஏட்டி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்மா. நீ சாப்பிடு.”

அன்றைக்கு மதியம் மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. மூன்றாம் நாளும் ஒன்றுதான். முத்துச்செல்வி வாயை விட்டே கேட்டாள். ரூனா சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினாள். அதில் ஓர்வால் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்தது. ‘மாணவி இன்று சாப்பிட்டுவிட்டார். காலை 9.31. ஆதாரம்: அவரே சொன்னது.’

அவள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனாள். அந்த அலுவலகத்தின் நடைவழி நாற்பது அடிதான். ஆனால் வந்த காரணத்தை நினைத்துக்கொண்டு நடந்தால் நீளும். பழைய மாணவர்கள் எதையாவது முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முத்துச்செல்வி பசியை நினைத்துக்கொண்டு நடந்தாள். போய்ச் சேரப் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை ஆனது. நடுவில் இரண்டு பெஞ்சும் ஒரு தண்ணீர்க் குழாயும் முளைத்திருந்தன.

அலுவலர் பெயர் ஓல்ஸ். மேசைக்கு வெளியே அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் கோப்பைத் திறந்தார்.

“சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.”

“அது ஒரு மரியாதைக்கு.”

“மரியாதை கொண்டுவந்திருப்பதாகச் சுங்கத்தில் நீங்கள் எழுதிக்கொடுக்கவில்லையே.”

“என் அம்மாவிடம் சொன்னேன். உங்களிடம் சொல்லவில்லை.”

“அம்மாவிடம் சொல்வதைத்தான் இங்கே முதல் தரமான சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.”

வழி மிகச் சுலபம் என்றும் அவர் விளக்கினார். நாளைக்கு அம்மா கேட்கும்போது சாப்பிடவில்லை என்று சொன்னால் போதும். ஒரு மணிக்குத் தட்டு வந்துவிடும். சூப், ரொட்டி, வெள்ளிக்கிழமை என்றால் மீன். முத்துச்செல்வி யோசித்தாள். தட்டின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவை யோசித்தாள். வேண்டாம் சார் என்று எழுந்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் சாப்பிட்டதெல்லாம் மொழி வகுப்பில் இடைவேளையில் கொடுத்த தேநீரும் இரண்டு பிஸ்கட்டும்தான். பிஸ்கட்டை விதிகள் உணவாகக் கருதவில்லை. ஊக்கம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது. ஒரே ஒரு வாக்கியம்தான் பாடம். ‘எனக்குப் பசிக்கிறது.’ ஒவ்வொருவராக எழுந்துபோய் ஜன்னலுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். சொன்னது உண்மையானால் கண்ணாடியில் ஆவி படியும். பொய்யானால் படியாது. கண்ணாடியைப் பார்த்து ஆசிரியை மதிப்பெண் போடுவார். உச்சரிப்பெல்லாம் தானாக வரும் என்பது அவர் கட்சி. எங்கிருந்தோ வந்த ஒரு பணக்காரப் பையன் மூச்சு முட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கண்ணாடி துடைத்து வைத்தது போல் இருந்தது.

முத்துச்செல்விக்கு முதல் வாரம் அந்த வாக்கியம் வாயில் வரவே இல்லை. கூச்சம். பசிக்கிறது என்று ஒருத்தி நாலு பேர் முன்னால் சொல்வதாவது? இரண்டாம் வாரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஜன்னல் வெளுத்தது. பக்கத்து ஜன்னலும் வெளுத்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த தபால் நிலையத்தின் கண்ணாடியும் வெளுத்துப்போய், உள்ளே இருந்தவர்கள் கைக்குட்டையால் துடைப்பது தெரிந்தது. ஆசிரியை முழு மதிப்பெண் போட்டார். நாளைக்கும் இதேபோல் வாருங்கள் என்றார். அவளும் தினமும் அதேபோல் போனாள். வேறு எப்படிப் போவது?

போனில் அம்மா ஹில்கேயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

“இந்தப் பிள்ள நல்ல பிள்ளட்டி. பசிக்குதான்னு கேட்டா பசிக்குங்கா. வேணுமான்னா வேணுங்கா. உன்னய மாதிரி மூணு தரம் கேக்க வேண்டாம்.”

முத்துச்செல்விக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தாள். அம்மா புகைப்படம் அனுப்பியிருந்தாள். ஹில்கே முத்துச்செல்வியின் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு நின்றாள். சுடிதார் இரண்டு சாண் குட்டையாக இருந்தது. முடி வைக்கோல் நிறம். அடுத்த மாதப் படத்தில் முடி தேன் நிறத்துக்கு வந்திருந்தது. சுடிதார் ஒரு சாண்தான் குட்டை. தென்காசி வெயில் என்று முத்துச்செல்வி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இங்கே ஹில்கேயின் பூட்ஸ் வாசலில் கிடந்தது. வந்த புதிதில் முத்துச்செல்வியின் இரண்டு காலும் சேர்ந்து ஒரே பூட்ஸில் நுழையும். மூன்றாம் மாதம் ஒரு சாக்ஸ் போட்டால் சரியாக இருந்தது. நான்காம் மாதம் சாக்ஸ் தேவைப்படவில்லை. பனி பெய்துகொண்டிருந்ததால் அவளுக்கு அது உதவியாகவே இருந்தது.

ஐந்தாம் மாதம் அம்மாவின் குரல் சோர்ந்திருந்தது.

“ஒரு நாளு இந்தப் பிள்ளைக்கு காலேஜுக்கு போன் போட்டு கேட்டேன். சாப்பிடலன்னுட்டா. எனக்கும் எறங்கல. மறுநா தல சுத்திட்டு, விழுந்துட்டேன். பிள்ள பயந்துட்டா, பாவம். அதுலருந்து எப்பக் கேட்டாலும் சாப்ட்டேம்மா, நீ சாப்பிடுன்னுதான் சொல்லுதா.”

முத்துச்செல்வி எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டாள். அம்மா விழுந்ததற்கு மட்டும் இல்லை. ‘நீ சாப்பிடு’ என்பது அவளுடைய சொல். மூன்று வருடமாக அவள் மட்டுமே சொல்லி வந்தது. அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது? ஹில்கேக்குக் கட்டிலைக் கொடுத்தாள், சுடிதாரைக் கொடுத்தாள். அந்தப் பொய்யை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கே ஆத்திரமாக வருகிறது, அவளுக்கு வராதா?

அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். நான் எப்போது ஊருக்குத் திரும்பலாம் என்று கேட்டாள். ஓல்ஸ் நாட்காட்டியைப் பார்த்தார். ஆறாம் மாதக் கடைசியில் திரும்பும் தேர்வு இருக்கிறது என்றார். தேர்வில் ஒரே கேள்வி. கேட்பவர் வேலம்மாள். இரண்டு மாணவிகளும் ஒரே நேரத்தில் போனில் இருப்பார்கள். முகம் காட்டக் கூடாது, காட்டினால் காப்பியடித்ததாகும். யாரைத் தன் மகள் என்று வேலம்மாள் சொல்கிறாரோ, அவருக்கு அந்த வீடு. மற்றவருக்கு மற்ற வீடு.

“என் அம்மாவுக்கு என்னைத் தெரியாதா?” என்றாள் முத்துச்செல்வி.

“அதைத்தான் சோதிக்கிறோம்” என்றார் ஓல்ஸ்.

அவள் தேர்வுக்குப் படித்தாள். என்ன கேள்வி வரும் என்பது அவளுக்குத் தெரியும். பதிலும் தெரியும். மூன்று வருடமும் ஐந்து மாதமும் சொல்லி வந்த பதில். ஆனாலும் ஒரு தாளில் நூறு தடவை எழுதிப் பார்த்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள். இடைவேளையில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். இதில் தோற்றால் அவளைவிட முட்டாள் உலகத்தில் இருக்க மாட்டாள்.

தேர்வு நாள் காலை ஒன்பதேகாலுக்கு நடைவழியில் கால் வைத்தாள். எதையும் நினைக்கக் கூடாது என்று தீர்மானித்து, பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டு வரை நடைவழி நாற்பது அடியாகவே இருந்தது. அதற்கு மேல் வாய்ப்பாடு மறந்துவிட்டது. அம்மா ஞாபகம் வந்தது. உடனே சுவர்கள் தள்ளிப் போயின. கதவுகள் முளைத்தன. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. எல்லாமே அவள் காலுக்குச் சரியாக இருக்கும் அளவு. அவள் ஓடினாள். கோடியில் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் புகுந்து போனை எடுத்தபோது மணி ஒன்பதரை. மூச்சிரைத்தது. அன்றைக்கு வகுப்பு இல்லாததால் தேநீரும் கிடையாது, ஊக்கமும் கிடையாது.

கம்பியின் அந்தப் பக்கம் குழாயடிச் சத்தம் கேட்டது. கடைசியாக வந்த பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற சத்தம். அம்மா தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொள்வது கேட்டது. இன்னொரு மூச்சும் கேட்டது. அது ஹில்கே.

“ஏட்டி,” என்றாள் அம்மா, “சாப்ட்டியா?”

முத்துச்செல்வி வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியில் ‘சாப்ட்டேம்மா’ தயாராக நின்றது. வெளியே வந்தது வேறு. ஆறு மாதமாகத் தினமும் ஜன்னலுக்கு முன்னால் நின்று சொன்ன வாக்கியம் வந்தது. தமிழில் வந்தது.

“இல்லம்மா. பசிக்குது.”

கூண்டுக் கண்ணாடி நாலு பக்கமும் வெளுத்துப்போனது.

“இது யாரு?” என்று கேட்டாள் அம்மா.

“நாந்தாம்மா. முத்துச்செல்வி.”

“எம்மவ பசிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லம்மா” என்றாள் வேலம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள். “யாரு பெத்த பிள்ளையோ. கூச்சப்படாத, தாயி. அங்கன யாருட்டயாவது கேட்டு வாங்கிச் சாப்பிடு.”

அப்போது ஹில்கே பேசினாள்.

“சாப்ட்டேம்மா. நீ சாப்பிடு.”

அது பொய். முத்துச்செல்விக்கு அந்தப் பொய்யை நன்றாகத் தெரியும். ‘ட்டே’யைக் கொஞ்சம் இழுத்து, தொண்டையில் இருப்பதை விழுங்கிக்கொண்டு சொல்ல வேண்டும். ஹில்கே சரியாக விழுங்கினாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

“சரிட்டி” என்றாள் வேலம்மாள். அவள் குரல் தெளிந்துவிட்டது. சோற்றைப் பிசையும் சத்தம் கேட்டது.

முத்துச்செல்வியிடம் இன்னும் எவ்வளவோ இருந்தது. அம்மாவின் இடது முழங்கையில் கஞ்சி கொட்டிய தழும்பைச் சொல்லலாம். அப்பாவின் சட்டையில் கடைசிவரை தைக்காமல் விட்ட பொத்தானைச் சொல்லலாம். ஹில்கேக்குத் தெரியாத நூறு விஷயம் இருக்கிறது. ஒன்றைச் சொன்னால் போதும், அம்மா அடையாளம் கண்டுகொள்வாள். கண்டுகொண்டால், பசிக்கிறது என்று சொன்னது தன் மகள்தான் என்பதும் தெரிந்துவிடும். அம்மாவின் கை நின்றுவிடும். இன்றைக்கும் நாளைக்கும் சாப்பிட மாட்டாள். முத்துச்செல்வி போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அழுகை அந்தப் பக்கம் போகாமல் இருக்க அழுத்திப் பொத்தினாள். அம்மா சாப்பிட்டு முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா மோர் ஊற்றிக்கொண்டாள். இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். தட்டைக் கழுவினாள். அதன் பிறகுதான் முத்துச்செல்வி போனை வைத்தாள்.

ஓல்ஸ் எழுந்து நின்று கைகுலுக்கினார். மேசையும் கூடவே எழுந்தது. சான்றிதழைக் கொடுத்தார். அதில் அவள் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். ஓர்வாலில் பிறந்தவரைப் போலப் பேசுகிறார் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தை அவள் பார்க்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது நடைவழி நாற்பது அடிதான் இருந்தது.

வீட்டில் ஒரு மணிக்கு மேசையில் இரண்டு தட்டு இருந்தது. இரண்டிலும் சூப். வெள்ளிக்கிழமை ஆனதால் மீனும் இருந்தது. முத்துச்செல்வி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ரூனா எதிரே உட்கார்ந்தாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில் கேட்கிற வழக்கம் இல்லை.

முத்துச்செல்வி கரண்டியை எடுத்தாள். சூப்பில் வைத்தாள். கரண்டி அங்கேயே நின்றுவிட்டது. ஆறு மாதப் பசி, ஆனால் கை வாய்க்கு வரவில்லை. நிமிர்ந்து ரூனாவைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் பசியில் ரூனாவின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. குழாயடியில் அம்மாவுக்குத் தெரிவது இப்படித்தான் போலிருக்கிறது.

“நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று ஓர்வால் மொழியில் கேட்டாள்.

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. ரூனா தட்டைப் பார்த்தாள். முழு வாக்கியத்தை யோசித்து, ஒழுங்காகச் சொன்னாள்.

“இல்லை. ஹில்கே போனதிலிருந்து சாப்பிடவில்லை.”

சமையலறை ஜன்னலில் ஆவி படிந்தது. தெருவும் பனியும் மறைந்தன. முத்துச்செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள்” என்றாள். “பொய்யாகவாவது சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் என்னால் சாப்பிட முடியும்.”

ரூனா முயன்று பார்த்தாள். உதடு அசைந்தது. அவளுக்கு அது வரவில்லை. பழக்கமில்லை, பாவம். முத்துச்செல்வி மெதுவாக அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு தட்டிலும் சூப் ஆறிக்கொண்டிருந்தது.